வெங்காய மூட்டையும் பந்தயப் பணமும்

அவையோருக்கு வணக்கம்.

இன்றிரவு ஆட்டத்தில் இந்த அணிதான் வெல்லும் என்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒருவர் 60 சென்ட் கட்டுகிறார். வென்றால் ஒரு டாலர். தோற்றால் 60 சென்டும் போயிற்று. மாநில அரசு இதைப் பந்தயம் என்கிறது. சந்தையை நடத்தும் கால்ஷி நிறுவனம் 'நிகழ்வு ஒப்பந்தம்' என்கிறது. இருவருக்கும் இடையிலான வழக்கு முழுவதும் இந்தப் பெயரில்தான் தொங்குகிறது. பந்தயம் என்றால் மாநிலத்தின் உரிமம் வேண்டும். ஒப்பந்தம் என்றால் முன்பேர வர்த்தகத்தை, அதாவது பின்னாளில் கைமாறும் சரக்குக்கு இன்றே விலை பேசுவதை, மேற்பார்க்கும் மத்திய ஆணையத்துக்கே அதிகாரம்; மாநிலம் தலையிட முடியாது என்பது நிறுவனத்தின் வாதம்.

முன்பேரச் சட்டம் யாருக்காக வந்தது? விளைச்சலைக் கையில் வைத்துக்கொண்டு விலைக்கு அஞ்சியவனுக்காக. அங்கேயும் சூது புகுந்தது. 1955-இல் சிகாகோ சந்தையில் இரண்டு வணிகர்கள் வெங்காயத்தை வாங்கிக் குவித்து, பிறகு விலையைக் கவிழ்த்தார்கள். 50 பவுண்டு மூட்டை 10 சென்டுக்கு இறங்கியது. உள்ளே இருந்த வெங்காயத்தைவிட வெறும் சாக்குக்கு விலை அதிகம்! உழவர்கள் கொதித்தார்கள், 1958-இல் நாடாளுமன்றம் வெங்காய முன்பேரத்தையே தடை செய்தது. அந்தத் தடை இன்றும் இருக்கிறது. ஆனால் அந்தச் சூதாட்டத்திலும் உண்மையான ஒரு மூட்டை இருந்தது. இன்றிரவு ஆட்டத்துக்குப் பணம் கட்டுபவரிடம் என்ன மூட்டை இருக்கிறது?

போர், படுகொலை, சூதாட்டம் சார்ந்த ஒப்பந்தங்களைத் தடுக்க 2010-ஆம் ஆண்டுச் சட்டம் ஆணையத்துக்கு அதிகாரம் தந்தது. அதைக் கொண்டு 2023-இல் கால்ஷியின் தேர்தல் ஒப்பந்தங்களை ஆணையம் மறுத்தது. 2024 செப்டம்பரில் வாஷிங்டன் நீதிமன்றம், தேர்தல் என்பது சூதாட்டம் அல்ல என்று அந்த மறுப்பை நீக்கியது. மேல்முறையீட்டை 2025 மே மாதம் ஆணையமே கைவிட்டது. அதற்குள் விளையாட்டு ஒப்பந்தங்களும் வந்துவிட்டன.

நியூஜெர்சியை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கும் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை போய் 2018-இல் வென்ற மாநிலம் அது. 2025 ஏப்ரலில் அங்குள்ள மத்திய நீதிமன்றம், கால்ஷி மீது நடவடிக்கை எடுக்க அந்த மாநிலத்துக்கே இடைக்காலத் தடை விதித்தது. ஆகஸ்டில் மேரிலாந்தில் அமர்ந்த மத்திய நீதிபதியோ அத்தகைய தடையைத் தர மறுத்தார். மேரிலாந்துத் தீர்ப்பே சரி என்பேன். ஏனென்றால் நியூஜெர்சியில் பந்தயம் கட்ட 21 வயது நிறைந்திருக்க வேண்டும். ஒப்பந்தம் வாங்க 18 போதும். அட்லாண்டிக் சிட்டி சூதாட்டக் கூடத்தின் வாசலில் திருப்பி அனுப்பப்படும் பத்தொன்பது வயதுப் பையன், அதே படியில் நின்று, அதே ஆட்டத்துக்குக் கைப்பேசியில் பணம் கட்டிவிடலாம்.