கொதிக்காத கொதிப்பு

(மீன்பிடித் தடைக்காலத்தில், பாம்பன் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் ஒன்றில் நடந்த மருத்துவ முகாமில் பேசியது.)

பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கிறது. வலையைச் சரிசெய்கிறீர்கள், இன்ஜினைப் பிரித்துப் போட்டுப் பார்க்கிறீர்கள். அதே கையோடு உடம்பையும் பார்த்துவிடலாமே என்றுதான் வந்தேன்.

முதலில் இந்தப் பெயரின் மேலேயே எனக்கு வருத்தம். ரத்தக் கொதிப்பு! "எனக்குக் கோபமே வராது டாக்டர், எனக்கு எப்படிக் கொதிப்பு?" என்று கேட்காத ஆளில்லை. ரத்தம் கொதிப்பதே இல்லை. இதயம் சுருங்கித் தள்ளும்போது ரத்தக் குழாயில் இருக்கும் அழுத்தம் மேல் எண். அது தளரும்போது மிச்சமிருப்பது கீழ் எண். 120/80-க்குள் இருந்தால் நல்லது. வேறு வேறு நாளில் பார்த்தும் மேலே 140 அல்லது கீழே 90, இரண்டில் ஒன்று இறங்காமல் நின்றால் அதுதான் பிரஷர். சாந்தமான ஆளுக்கும் வரும்.

தலைவலி வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காதீர்கள். பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது. மேலே கடல் அசையாமல் கிடக்கும், அடியில் நீரோட்டம் வலையை இழுத்துக்கொண்டு போகும் இல்லையா, அந்தக் கதைதான். வருடக்கணக்கில் சத்தமில்லாமல் இருந்துவிட்டு மூளையிலோ இதயத்திலோ கிட்னியிலோ கை வைக்கும்.

என் பெரியப்பாவுக்கு அப்படித்தான் ஆயிற்று. மாத்திரை சாப்பிட்டு 130-க்கு வந்தது. "சரியாகிவிட்டது" என்று அவரே நிறுத்திவிட்டார். 130 காட்டியதே மாத்திரையின் வேலை என்று எடுத்துச் சொல்ல அன்று வீட்டில் ஆளில்லை. ஆறு மாதத்தில் ஒரு விடியற்காலை வாய் கோணி, வலது கை விழுந்துவிட்டது. உங்களில் பலருக்கு 'மக்களைத் தேடி மருத்துவம்' என்கிற அரசுத் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் கடலுக்குப் போகும்போது அது வீட்டு அலமாரியிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீர் புகாத சின்ன டப்பாவில் போட்டுப் படகில் வையுங்கள். சில மாத்திரைக்குக் கால் வீங்கும், சிலதுக்கு வறட்டு இருமல் வரும். சொன்னால் மாற்றித் தருவோம், நீங்களாக நிறுத்தாதீர்கள். வலை இழுத்த இடுப்புவலிக்குத் தினமும் கடையில் வாங்கிப் போடும் வலி மாத்திரையும் பிரஷரை ஏற்றும்.

அப்புறம் உப்பு. வாலிநோக்கத்தில் உப்பு விளைகிற மாவட்டம் நம்முடையது, கருவாட்டை விடச் சொன்னால் என்னை விரட்டிவிடுவீர்கள். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. குழம்பு, ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அதற்குள்தான். கருவாட்டைத் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்து, அந்தக் குழம்புக்குத் தனியாக உப்புப் போடாமல் சமையுங்கள், அதையும் எப்போதாவது. வாசலுக்கே பச்சை மீன் வருகிற ஊரில் இது பெரிய தியாகம் இல்லை. இந்துப்பு நல்லது என்கிறார்கள். அதிலும் பெரும்பங்கு பிரஷரை ஏற்றும் அதே சோடியம் உப்புதான்.

லோ பிரஷருக்கு வருகிறேன். 90/60-க்குக் கீழே என்பது கணக்கு. எந்தத் தொந்தரவும் இல்லாமல் அந்த அளவிலேயே நலமாக இருப்பவர்களும் உண்டு, அவர்களுக்கு வைத்தியம் வேண்டாம். கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் வெறும் வயிற்றோடு விடிகாலையில் இறங்கி, வெயிலில் தண்ணீர் குடிக்காமல் கிடந்து, மேலே ஏறும்போது கண் இருட்டுகிறதே, அதற்குத் தேவை சாப்பாடும் தண்ணீரும். உடனே படுக்கவைத்துக் காலைத் தூக்கி வையுங்கள். எழும்போது உட்கார்ந்து நிதானமாக எழட்டும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு மயக்கம் வந்தால் உப்புத் தண்ணீரைக் கரைத்து ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரியில் காட்டுங்கள். நெஞ்சுவலியோடு வியர்த்துக் கொட்டினாலோ, முகம் கோணினாலோ, ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ யோசிக்கவே வேண்டாம், 108.

சரி, இப்போது அளந்து பார்ப்போம். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், கால்மேல் கால் வேண்டாம், கை மேசைமேல் இருக்கட்டும், பேச்சும் வேண்டாம். வாசலில் டீ கொடுக்கிறார்களாம். குடித்தவர்களும் பீடி இழுத்துவிட்டு வந்தவர்களும் அரைமணி நேரம் கழித்து வாருங்கள். மற்றவர்கள் வரிசைக்கு வரலாம். அய்யா, அந்த முழுக்கைச் சட்டையைக் கொஞ்சம் கழற்றிவிடுங்கள்.