தெருமுனையில் கப்பல், தெருவில் பிள்ளைகள்

நண்பர்களே, வணக்கம். தொழிற்பகுதி மக்களின் ஓய்வையும் விளையாட்டையும் புகைப்படக்காரர்கள் எப்படி எடுத்தார்கள் என்று, இன்று சில படங்களை மட்டும் வைத்துக்கொண்டு பேசப்போகிறேன். பெரும்பாலும் இங்கிலாந்தின் வடகிழக்கில், நியூகாசிலைச் சுற்றி எடுத்தவை. கப்பல் கட்டுவதும் நிலக்கரி வெட்டுவதும்தான் அந்தப் பக்கத்தில் அப்போது பிழைப்பு. 1970களிலும் 80களிலும் இரண்டுமே நொடித்துக்கொண்டிருந்தன.

முதல் படம் கிறிஸ் கில்லிப் என்ற புகைப்படக்காரர் 1975இல், நியூகாசிலை ஒட்டிய கப்பல் கட்டும் ஊரான வால்ஸெண்டில் எடுத்தது. ஒட்டி ஒட்டிக் கட்டிய வீடுகள், நடுவே தெரு, தெருவில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். தெரு முடிகிற இடத்தில் வானம் தெரிய வேண்டும். அங்கே ஒரு கப்பல் நிற்கிறது, கூரைகளையெல்லாம் தாண்டி எழும்பி. ‘டைன் பிரைடு’ என்ற எண்ணெய்க் கப்பல். நமக்கு அதை விட்டுக் கண் அகலாது. அந்தப் பிள்ளைகளுக்கோ அது தினம் பார்க்கிற கப்பல். தெருமுனையில் மாதக்கணக்கில் வளர்ந்துகொண்டிருந்தது. அப்பாவோ மாமாவோ அதில் வேலை பார்த்திருக்கலாம். இரண்டே வருடத்தில், 1977இல், கில்லிப் திரும்பவும் அங்கே போய் எடுத்தார். வீடுகளை இடித்துத் தள்ளியிருந்தார்கள்.

இந்த மாதிரி இடத்துக்குக் கேமராவோடு போகிற எல்லோருக்கும் ஓர் ஆசை வரும். பின்னால் புகைபோக்கி, முன்னால் சிரிக்கிற குழந்தை. பார்க்கிறவர் ‘ஐயோ பாவம்’ என்பார், படமும் பரிசு வாங்கும். எனக்கு அந்தப் படங்கள் மேல் கோபமே உண்டு. குழந்தை ஏன் சிரித்தது, என்ன விளையாட்டு, யாரோடு விளையாடியது, எதுவுமே அதில் இருக்காது. புகைபோக்கியின் கொடுமையைக் காட்ட ஒரு குழந்தை தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

கில்லிப்பின் இன்னொரு படத்தைப் பாருங்கள். லைன்மவுத், 1984. ஒரு சிறுமி இடுப்பில் வளையம் சுற்றி விளையாடுகிறாள். இடம், கடலோரத்தில் நிலக்கரி பொறுக்குகிறவர்களின் முகாம். பக்கத்துச் சுரங்கம் தன் கழிவைக் கடலில் கொட்டும். அதில் கிடக்கிற கரியை அலை திரும்பக் கரைக்குத் தள்ளும். குதிரை வண்டியை இறக்கி, அதை அள்ளி விற்றுப் பிழைத்தார்கள்.

கில்லிப் இந்தக் கடற்கரையை முதலில் பார்த்தது 1976இல். கேமராவை எடுத்ததுமே விரட்டிவிட்டார்கள். உதவித்தொகை வாங்குகிறவர்களை வேவு பார்க்க வந்த அரசாங்க ஆள் என்று சந்தேகம். மறுபடியும் போனார், மறுபடியும் விரட்டினார்கள். 1982இல்தான் வழி பிறந்தது. அவர்கள் கூடுகிற மதுக்கடைக்கே போய்ப் பேசிப் பார்த்தார், அப்போதும் யாரும் மசியவில்லை. அங்கிருந்த ஒருவருக்கு மட்டும், ஆப்பிள்பி குதிரைச் சந்தையில் இவரைப் பார்த்த ஞாபகம் வந்தது. அதோடு கதவு திறந்தது. அப்புறம் ஒரு கேரவன் வாங்கி அந்த முகாமிலேயே தங்கினார். அவர் வைத்திருந்தது நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிம் போடுகிற பெரிய கேமரா. அதை ஒளித்துவைத்துத் திருட்டுத்தனமாகப் படம் எடுக்க முடியாது. எதிரில் இருப்பவர் சம்மதித்தால்தான் உண்டு. எட்டு வருடம் கழித்து அந்த வளையத்துச் சிறுமி அவருக்கு அந்நியச் சிறுமி இல்லை.

எல்லோரும் கூடவே தங்கித்தான் எடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. இத்தாலியில் ரொஸிஞ்ஞானோ சொல்வே என்று ஓர் ஊர். சொல்வே என்ற சோடா உப்பு ஆலையின் பெயர்தான் ஊருக்கும். கடற்கரை மாலத்தீவு மாதிரி வெள்ளை வெளேரென்று இருக்கும். ஆலை பல பத்தாண்டுகளாகக் கடலில் விட்ட சுண்ணாம்புக் கழிவு அது. அதன் மேல்தான் குடும்பம் குடும்பமாகத் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். மஸ்ஸிமோ விட்டாலி என்ற புகைப்படக்காரர் 1990களின் நடுவிலிருந்து, உயரமாக மேடை போட்டு அதன் மேல் நின்று இந்தக் கூட்டத்தை எடுத்தார். ஆலையே உண்டாக்கிய கடற்கரை என்பதைக் காட்ட அந்தத் தூரம் வேண்டித்தான் இருந்தது. ஆனால் அதில் ஒரு முகமாவது மனதில் நிற்கிறதா என்று கேட்டால், எனக்கு இல்லை.

சரி, இங்கே சங்கடமான ஒரு கேள்வி வருகிறது. வேலை இருந்தால்தானே அது முடிந்து ஓய்வு? வேலையே இல்லாதவர் சும்மா இருப்பதை ஓய்வு என்று சொல்லலாமா? டிஷ் மர்த்தா என்ற புகைப்படக்காரர் நியூகாசிலின் எல்ஸ்விக் பகுதியில் வளர்ந்தவர். அங்கே வேலையில்லாத இளைஞர்களை அவர் எடுத்த படங்கள் 1981இல் நியூகாசிலின் சைடு கேலரி என்ற புகைப்படக் கூடத்தில் கண்காட்சியாக வந்தன. ஒரு படத்தில், பாழடைந்த கட்டடத்தின் மாடியிலிருந்து, கீழே குவித்த பழைய மெத்தைகள் மேல் பையன்கள் குதிக்கிறார்கள். உற்சாகம் நிஜம்தான். பள்ளிக்கூடம் முடித்ததும் அவர்களுக்குப் போக இடமில்லை என்பதும் நிஜம். மர்த்தா இரண்டில் எதையும் மறைக்கவில்லை. அந்தத் தெருவின் பிள்ளை என்பதால் அவருக்கு இது கைவந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் உள்ளூர்க்காரராகப் பிறந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. சிர்க்கா-லீசா கோன்டினன் பின்லாந்திலிருந்து வந்தவர். 1969இல் ஆம்பர் என்ற திரைப்பட, புகைப்படக் கலைஞர்கள் குழுவோடு நியூகாசிலுக்கு வந்து, பைக்கர் என்ற தொழிலாளர் பகுதியில் வீடு எடுத்துத் தங்கினார். பெரிய ரப்பர் பந்தின் மேல் உட்கார்ந்து துள்ளுகிற சிறுமியின் படம், 1971இல் எடுத்தது, அவருடையதுதான். அந்தப் பகுதியை இடித்தபோது அவர் குடியிருந்த வீடும் போனது. 1983இல் அந்தப் படங்கள் புத்தகமாயின. 2000களில் புதிதாகக் கட்டிய பைக்கருக்கு மறுபடியும் போனார். இப்போது பல நாட்டுக் குடும்பங்கள் அங்கே இருந்தன. இந்தத் தடவை கலர் படங்கள். எப்படித் தெரிய வேண்டும் என்று அந்தந்த வீட்டுக்காரர்களோடு கலந்து பேசியே எடுத்தார். இரண்டு தொகுப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன், பாருங்கள். எது உங்களுக்குப் பிடித்தது, ஏன் என்று அப்புறம் பேசலாம்.