பாஞ்ச் காட்டுக்கு உடையவர் யார்?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்வரிசையை அழகு செய்யும் ஓய்வுபெற்ற வன அலுவலர் ஐயா அவர்களே, நூலகர் அம்மையார் அவர்களே, சால்வையோடு காத்திருக்கும் வணிகர் சங்கச் செயலாளர் அவர்களே (சால்வை வேண்டாம் என்று சென்ற ஆண்டே சொன்னேன்), அனைவருக்கும் வணக்கம்.

பாஞ்ச் என்னும் ஓக் மரத்தைக் குறித்துத் தழை, தண்ணீர், பட்டு என்று மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன்.

உத்தராகண்ட் மலைகளில் ஆயிரம் மீட்டருக்கு மேலே, குளிர்காலத்திலும் பச்சை மாறாமல் நிற்கும் மரம் இது. புல் காய்ந்த மாதங்களில் மாடுகளுக்கு இதன் தழைதான் தீவனம். உதிர்ந்த சருகைக் கொட்டிலில் பரப்பினால் சாணத்தோடு மட்கி வயலுக்கு எருவாகிவிடும். விறகு நின்று எரியும், கலப்பைக்கும் கட்டை உறுதி. ஆங்கிலேயர் பிசினுக்கும் ரயில் பாதைக் கட்டைகளுக்கும் சீர் பைன் என்னும் மரத்தைத்தான் பேணி வளர்த்தார்கள். அதன் ஊசி இலையை மாடு சீண்டாது. 1921இல் அந்த மலைகளின் குமாவூன் பகுதி மக்கள் ஆங்கிலேயர் மீது கொண்ட கோபத்தில் பைன் காடுகளுக்குத் தீ வைத்தபோது, பாஞ்ச் காடுகளைப் பெரும்பாலும் தொடவில்லை. தம்முடையது என்று நினைத்ததைத் தாமே காத்தார்கள். உடையவன் பாரா வேலை ஒரு முழம் கட்டை என்பார்கள்!

1980இல் சமோலி மாவட்டத்து டூங்ரி பைந்தோலி கிராமத்தில் நடந்ததைக் கேளுங்கள். பாஞ்ச் காட்டை வெட்டி உருளைக்கிழங்குப் பண்ணை போடத் திட்டம். பதிலுக்குச் சாலை வரும், பள்ளி வரும், மருத்துவமனை வரும், மின்சாரம் வரும். ஊர்ப் பெரியவர்கள் உச்சி குளிர்ந்து சம்மதித்துவிட்டார்கள். அவர்களுக்கு என்ன? தழைக்கட்டையும் விறகையும் சுமக்கும் தலை வேறு! காடு போனால் பல கிலோமீட்டர் கூடுதலாக நடக்க வேண்டியவர்கள் பெண்கள். மரம் வெட்ட ஆட்கள் வந்தபோது அந்தப் பெண்கள் சொந்த வீட்டு ஆண்களின் மிரட்டலையும் மீறிப் போய் மரங்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெட்டு நின்றது.

உடையவன் பாரா வேலை ஒரு முழம் கட்டை. சரி, அந்தக் காட்டுக்கு உடையவர் யார்? தீர்மானத்தில் கையெழுத்திட்டவரா, அரிவாளும் கயிறுமாகப் போகிறவரா? வன உரிமைச் சட்ட விதிகள், கிராம வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் வேண்டும் என்கின்றன. நம் மலைக் கிராமங்களில் நான் பார்த்த கூட்டங்களில் பெண்கள் தேநீர் கொடுக்க வந்தார்கள், வருகைப் பதிவேட்டில் ஒப்பமிட்டுப் போனார்கள். கூட்ட நேரத்தை அவர்கள் காட்டிலிருந்து திரும்பிய பிறகு வையுங்கள், பேச விடுங்கள் என்பதுதான் எங்கள் மனு.

தலைவர் சீட்டு அனுப்பிவிட்டார். தண்ணீரும் பட்டும் அடுத்த கூட்டத்துக்கு. மனுப் படிவம் வாசல் மேசையில் இருக்கிறது; வன அலுவலர் ஐயா முதல் கையெழுத்தைப் போடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.