சிறைக்குள் இரண்டு பேர்: காலப்பயணத் திரைக்கதை எழுதுவது பற்றி
(வேலூரில் திரைக்கதை எழுதிப் பழகும் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

காலப்பயணக் கதை சொல்ல வருகிற பலரும் முதலில் மெஷினைத்தான் விவரிக்கிறார்கள். கைக்கடிகாரமா, பழைய ரேடியோவா, எதுவானாலும் எனக்குச் சம்மதம். இரண்டு நிமிடத்தில் காட்டிவிட்டு நகர்ந்துவிடுங்கள். டிக்கெட் வாங்கும்போதே ஜனங்கள் அதை நம்பத் தயாராகிவிடுகிறார்கள். முதல் பாதியில் நீங்கள் போட்ட விதியை இரண்டாம் பாதியில் நீங்களே மீறினால்தான் மன்னிக்க மாட்டார்கள்.

விதி என்றால் ஒன்றே ஒன்றுதான். நடந்து முடிந்ததை மாற்ற முடியுமா, முடியாதா? இதைத் தீர்மானிக்காமல் ஒரு சீன்கூட எழுத உட்காராதீர்கள்.

நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1806 ஜூலை 10, விடிவதற்கு முன் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கம்பெனியின் இந்தியச் சிப்பாய்கள் கிளர்ந்தெழுகிறார்கள். தோல் சின்னம் வைத்த புதுத் தொப்பியைப் போடு, நெற்றியில் சமயக்குறி கூடாது, தாடியை எடு என்று வந்த உத்தரவுகள் உண்டாக்கிய கொதிப்பு அது. திப்புவின் பிள்ளைகளும் அதே கோட்டையில்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். இந்த இடத்தில் இன்றைய சத்துவாச்சாரிப் பையன் ஒருவன் வந்து விழுகிறான் என்று வையுங்கள். அவன் என்ன செய்வான்?

உங்களில் பாதிப் பேர் அவன் கையில் வாளைக் கொடுப்பீர்கள். வேண்டாம். ஆற்காட்டைப் பாருங்கள். கோட்டைக்கு வெளியே இருந்த ஓர் ஆங்கில அதிகாரி மூலம் அங்கே தகவல் போய்ச் சேர்ந்தது. கர்னல் கில்லெஸ்பி குதிரைப்படையோடு சுமார் 25 கிலோமீட்டரைக் கடந்து காலையிலேயே வந்துவிட்டார். சில மணி நேரத்தில் கோட்டை மறுபடியும் கம்பெனியின் கைக்குப் போனது. அப்படியென்றால் நம் பையனுக்கு ஒரே வேலை, ஆற்காட்டுக்குப் போகும் தகவலை நிறுத்துவது. ஒரு சாலை, ஒரு தகவல், விடியும்வரை நேரம். இதைத்தான் திரைக்கதை என்கிறேன். மாற்ற முடியும் என்பது உங்கள் விதியானால், அவன் ஜெயித்ததும் விலை கேளுங்கள். திரும்பி வந்தால் அவன் தெரு இருக்குமா, அம்மா இருப்பாளா?

ஆனால் எனக்குப் பிடித்தது மாற்ற முடியாது என்கிற விதிதான். அதற்கும் நம் கோட்டையிலேயே ஆள் இருக்கிறார். கிளர்ச்சிக்குச் சில வாரங்கள் முன்பே முஸ்தபா பெக் என்ற சிப்பாய், இப்படியொரு சதி நடக்கிறது என்று தன் மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். யாரும் நம்பவில்லை. பைத்தியம் என்று சொல்லி அவரைத்தான் பிடித்து அடைத்தார்கள். வரப்போவதைச் சொல்கிறவனுக்கு என்ன கிடைக்கும் என்பதைக் காட்ட இதைவிட நல்ல சீனை என்னால் கற்பனையில் எழுத முடியாது.

நம் பையனையும் அதே சிறையில் தள்ளுங்கள். நடக்கப்போவது தெரிந்த இரண்டு பேர், ஒரே அறையில். ஒருவர் அது நடக்கக் கூடாது என்கிறார், இன்னொருவன் அது ஜெயிக்க வேண்டும் என்கிறான். பக்கத்துத் தெருவில் கேட்டு வளர்ந்த உருது அவனுக்கு அங்கே கைகொடுக்கும். வில்லன் என்று தனியாக யாரும் தேவைப்படாது. பட்ஜெட்டும் குறைவு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்புறம், வருடத்தைத் திரையில் எழுத்துப் போட்டுக் காட்டாதீர்கள். கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு அவன் ஓடட்டும். மூலவர் இல்லை, விளக்கு இல்லை. லிங்கம் திரும்ப வந்தது 1981இல்தானே! வேலூர்க்காரன் அந்த ஒரு ஷாட்டிலேயே பதறிவிடுவான். வெளியூர்க்காரருக்காகப் படத்தின் ஆரம்பத்தில் ஒருமுறை அங்கே பூசை நடப்பதைக் காட்டி வையுங்கள். கிட்டத்துக் காலம் என்றால் ஆம்பூர்க் கடைப் பலகை ஒன்று போதும். வட ஆற்காடு மாவட்டம் என்றால் பழசு, வேலூர் மாவட்டம் என்றால் அடுத்தது, திருப்பத்தூர் மாவட்டம் என்றால் 2019க்குப் பிறகு.

ஒன்லைன், அதாவது சீன்களை வரிசையாகச் சுருக்கி எழுதும் பட்டியல், அதை எழுதும்போது இரண்டாக எழுதுங்கள். ஒன்று காலண்டர் வரிசையில், இன்னொன்று கதாநாயகன் எதை முதலில் வாழ்ந்தான் என்ற வரிசையில். காயம், தாடி, சட்டைக் கிழிசல் எல்லாம் இரண்டாவது வரிசைப்படிதான் போகும். இது இல்லாமல் ஷூட்டிங் போனால் உதவி இயக்குநர்கள் அழுவார்கள்.

கடைசியாக, இடைவேளை. நம் ஆட்கள் டீ குடித்துவிட்டு, போனைப் பார்த்துவிட்டு, ஐந்து நிமிடம் தாமதமாகத்தான் உள்ளே வருவார்கள். அதனால் இடைவேளை முடிந்த முதல் சீனில் புது விதி எதையும் நுழைக்காதீர்கள், பழைய விதியை ஒருவரைக் கேள்வியாகக் கேட்க வையுங்கள். சிறையில் முஸ்தபா பெக் கேட்கட்டும்: “அப்படியானால், நான் சொல்லியும் சொல்லாமலும் ஒன்றுதானா தம்பி?” பையன் உடனே பதில் சொல்லக் கூடாது.

சரி, இனி நீங்கள் கேளுங்கள்.