பதில் சொல்லாத சீட்

நேயர்களுக்கு வணக்கம். பாளையங்கோட்டையில் கார்களுக்கு வயரிங் வேலை பார்த்து வருகிறேன். பட்டனை அழுத்தினால் மோட்டாரில் நகரும் பவர் சீட் அசையாமல் நின்று, வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் ஸ்கேனரில் 'தொடர்பு அறுந்தது' என்று கோடு, அதாவது கோளாறுக்கான குறியீடு, வந்தால் கோளாறை எங்கே தேடுவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். என் கைக்கு வந்த ஒரு வண்டியை வைத்தே சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன், வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் என்று வீடுகளுக்குள் வந்து நின்றது. வண்ணார்பேட்டையில் ஓர் அண்ணாச்சி வீட்டு வாசலில் நின்ற காருக்குள்ளும் கார்பெட் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர். கழுவி, காயவைத்து, ஓட்டிக்கொண்டிருந்தார். மாதங்கள் போயின. அடுத்த ஐப்பசி மழையில் ஒரு நாள், அவர் மகள் வண்டி எடுப்பதற்காக டிரைவர் சீட்டை முழுக்க முன்னால் நகர்த்தியிருக்கிறாள். மறுநாள் காலை அது பின்னால் போகவில்லை. அண்ணாச்சி நல்ல உயரம். முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்க, அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"தம்பி, மாட்யூல் போச்சு, புதுசுதான் போடணும்னு ஒரு இடத்துல சொல்லுதாங்க. நீ ஒரு தடவ பாத்துச் சொல்லு" என்றார். மாட்யூல் என்பது வண்டியில் ஒவ்வொரு வேலையையும் கவனிக்கிற சின்னக் கம்ப்யூட்டர் பெட்டி; சீட்டை நகர்த்தவும் ஒன்று உண்டு.

ஸ்கேனரில் யூ 0208 என்ற கோடு இருந்தது. சீட் மாட்யூலோடு தொடர்பு அறுந்தது என்று அதற்கு அர்த்தம். இந்த இடத்தில்தான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். இந்தக் கோடை எழுதியது சீட் மாட்யூல் இல்லை, வண்டியில் இருக்கும் வேறொரு மாட்யூல். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வருகைப் பதிவேட்டை விரித்துப் பெயர் கூப்பிடுகிறார்; ஒரு பையனிடமிருந்து மட்டும் "உள்ளேன் ஐயா" வரவில்லை. பையன் வராமல் இருந்திருக்கலாம். வந்திருந்தும் தொண்டை கட்டியிருக்கலாம். அவன் சொன்னது வாத்தியார் காதில் விழாமலும் போயிருக்கலாம். குரல் கேட்கவில்லை என்பது மட்டும்தான் பதிவேட்டுக்குத் தெரியும். அதை வைத்து மாட்யூல் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்ல முடியும்?

அதனால் முதலில் மற்ற மாட்யூல்கள் ஸ்கேனருக்குப் பதில் சொல்கின்றனவா என்று பார்த்தேன். எல்லாம் பேசின; சீட் மட்டும் பேசவில்லை. நாலைந்து மாட்யூல்கள் சேர்ந்து காணாமல் போயிருந்தால் பொது வயரில் தேட வேண்டும். ஒன்று மட்டும் என்றால் கோளாறு அதன் பக்கத்திலேயே இருக்கும்: அதற்கு வரும் கரண்ட், அந்தக் கரண்ட் கார் பாடி வழியாகத் திரும்பிப் போகும் எர்த், மற்ற மாட்யூல்களோடு பேச அதற்குப் பிரிந்து போகும் டேட்டா வயர். இவை மூன்றும் சரியாக இருந்தால்தான் மாட்யூலைச் சந்தேகிக்க வேண்டும். பேட்டரியைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. ஃபியூஸும் சரி.

சீட் முன்னால் இருந்ததால் பின்பக்கம் கை நுழைந்தது. மாட்யூலில் வயர்களைச் செருகும் கப்ளரைப் பிரித்து அதில் மல்டிமீட்டரை வைத்தால் 12.3 வோல்ட் காட்டியது. பல பேர் இதோடு "கரண்ட் வருது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். நம் ஊர்க் குளத்தை நினைத்துப் பாருங்கள். குளம் நிறைந்து நிற்கும். மடையில் சேறு அடைத்திருந்தால் வயலுக்குத் தண்ணீர் வராது. மீட்டர் பார்ப்பது குளத்தில் நிற்கும் மட்டத்தை மட்டும்தான், ஏனென்றால் அது கரண்டை ஏறக்குறைய இழுப்பதே இல்லை. மடை திறந்தால் பாய்கிறதா என்று பார்க்க பல்ப் வேண்டும். 21 வாட் இண்டிகேட்டர் பல்ப் ஒன்றில் இரண்டு வயர் பற்றவைத்து வைத்திருக்கிறேன். அது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும். அதைக் கப்ளரில் கொடுத்தால் இழை மட்டும் சிவந்தது, வெளிச்சமில்லை. மீட்டர் 4 வோல்ட்டுக்கு இறங்கிவிட்டது.

பல்பின் எர்த் முனையை மட்டும் கப்ளரிலிருந்து எடுத்து, கார் பாடியில் பெயின்ட் இல்லாத இரும்பில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. ஆக, வரும் கரண்ட் சரி, எர்த்தில்தான் கோளாறு. மாட்யூல் விழித்துப் பேச ஆரம்பிக்கும்போதே வோல்ட் சரிந்து, மறுபடி அணைந்துவிடுகிறது. பிறகு எப்படிப் பதில் வரும்?

எர்த் வயர் கார்பெட்டுக்கு அடியில் போகிறது, சீட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். ஆனால் முன்பக்க போல்ட் இரண்டும் சீட்டுக்கு அடியில் மறைந்திருந்தன. மோட்டார் கப்ளரைப் பிரித்து, வேறொரு பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த வயரில் நேரடியாகக் கரண்ட் கொடுத்துச் சீட்டைப் பின்னால் நகர்த்தினேன். முனைகளை மாற்றிக் கொடுத்தால் எதிர்ப்பக்கம் நகரும்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கப்ளர் இருந்தால் அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அந்த வண்டியின் கையேடு சொல்கிற நேரம் காத்திருந்த பிறகுதான் அதைத் தொட வேண்டும். அதில் மல்டிமீட்டரையோ பல்பையோ வைக்கவே கூடாது. சீட் வெளியே இருக்கும்போது சாவியும் போடக் கூடாது. வீட்டில் தாங்களே கழற்றிப் பார்க்க நினைக்கும் தம்பிமாரிடம் இதைக் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன்.

கார்பெட்டைத் தூக்கினேன். அடியில் இருந்த ஸ்பாஞ்ச் இன்னும் ஈரம். விரலில் மாவு போல ஒட்டியது ஆற்று வண்டல். பாடியில் முறுக்கியிருந்த எர்த் லக், அதாவது வயர் முனையில் இருக்கும் உலோக வளையம், வெகுநாள் புளி போட்டுத் தேய்க்காத செம்புப் பானை மாதிரி களிம்பு ஏறிப் பச்சையாக இருந்தது. வயரை உரித்தால் உள்ளேயும் ஒரு சாண் தூரம் கறுத்திருந்தது. நல்ல செம்பு வரும்வரை வெட்டி, புது லக் போட்டு, இரும்பைச் சுரண்டி முறுக்கினேன். அதே பல்ப் எரியும்போது எர்த் பக்கம் இழப்பு 0.1 வோல்ட்டுக்கும் கீழே.

இதெல்லாம் சரியாக இருந்தும் பேசவில்லை என்றால் அப்புறம்தான் டேட்டா வயர். பல வண்டிகளில் சீட்டுக்குக் கேன் என்ற இரட்டை வயர் வரும். பாஷ் நிறுவனம் 1986-இல் அறிமுகப்படுத்திய முறை இது. சும்மா இருக்கும்போது இரண்டிலும் இரண்டரை வோல்ட். பேசும்போது ஒன்று மூன்றரைக்கு ஏறும், மற்றது ஒன்றரைக்கு இறங்கும். வெளி இரைச்சல் இரண்டையும் ஒரே மாதிரி பாதிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவற்றை முறுக்கி வைத்திருக்கிறார்கள். ஒட்டுப்போட்டால் அந்த முறுக்கையும் திரும்பப் போட்டுவிடுங்கள். இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர் வைத்த லைனாக இருந்தால், பேட்டரியைக் கழற்றி இரண்டு வயருக்கும் இடையே அளக்கும்போது 60 ஓம் வர வேண்டும். 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது. சில வண்டிகளில் சீட்டுக்கு லின் என்ற ஒற்றை வயர்தான் வரும். உங்கள் வண்டியில் எது என்பதை வயரிங் படம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அண்ணாச்சி வண்டியில் அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஸ்பாஞ்சை இரண்டு நாள் வெயிலில் போட்டுக் காயவைத்து, சீட்டை மாட்டிக் கோடை அழித்தேன். சமாதானபுரம் வரை ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஸ்கேனர் போட்டேன். சீட் மாட்யூல் பதில் சொன்னது. பழைய மாட்யூல்தான். அண்ணாச்சி ஏறி உட்கார்ந்து, தனக்கு வேண்டிய அளவை ஒன்றாம் பட்டனிலும், மகளுக்கானதை இரண்டாம் பட்டனிலும் பதிந்துகொண்டு கிளம்பினார். வணக்கம்.