மேல்பாதி ஆடினால் குறியும் ஆடுமா?

வணக்கம். இன்று என் கையில் இருப்பது ஏ.ஆர்.-15 வகைத் துப்பாக்கி. மேகசினைக் கழற்றி, தோட்டா அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகே இதை மேசைமேல் வைத்திருக்கிறேன். இப்போது பின்கட்டையை ஒரு கையாலும் முன்பிடியை மறு கையாலும் பிடித்து மெல்ல முறுக்குகிறேன். கடக், கடக் என்ற ஓசை உங்களுக்கும் கேட்டிருக்கும். துப்பாக்கியின் மேல்பாதியான அப்பர் ரிசீவரும் கீழ்ப்பாதியான லோயர் ரிசீவரும் சேரும் இடத்தில் உள்ள ஆட்டம்தான் அது. இதைச் சரிசெய்ய வேண்டுமா என்று கேட்டால், பெரும்பாலும் வேண்டியதில்லை என்பதே என் பதில்.

காரணத்தைப் புரிந்துகொள்ள, துப்பாக்கியை இரண்டாகப் பிரித்துப் பார்ப்போம். முன்பக்கம் ஒரு பின் (pin, அதாவது கோர்க்கும் முளை), பின்பக்கம் ஒரு பின். இவை இரண்டும்தான் இரு பாதிகளையும் இணைத்து வைக்கின்றன. குழல் மேல்பாதியில் நட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் அதே மேல்பாதியின் முதுகில்தான் அமர்ந்திருக்கிறது. சுடும்போது, தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் தலையில் உள்ள 7 பற்கள் குழலின் பின்முனையோடு இணைந்த எஃகு வளையத்துக்குள் திரும்பிப் பூட்டிக்கொள்கின்றன. .223 ரெமிங்டன் தோட்டாவுக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 55,000 பவுண்டு. அந்த அழுத்தத்தைத் தாங்குவது எஃகும் எஃகும் கவ்விக்கொண்ட அந்தப் பூட்டுதானே தவிர, அலுமினியத்தால் ஆன ரிசீவர்களோ அவற்றைக் கோர்க்கும் பின்களோ அல்ல. ஆகவே ஆட்டம் இருப்பதால் துப்பாக்கி வெடித்துவிடும் என்ற அச்சத்துக்கு இடமே இல்லை. குழலும் ஸ்கோப்பும் ஒரே உடம்பில் இருப்பதால், கீழ்ப்பாதி எவ்வளவு அசைந்தாலும் அவை இரண்டுக்கும் இடையிலான கோணம் மாறுவதில்லை.

இதே ஆட்டம் எஃப்.என். எஃப்.ஏ.எல். துப்பாக்கியில் இருந்தால் என் பதில் வேறாக இருக்கும். பெல்ஜியத்தில் உருவாகி 1950களில் பல நாட்டுப் படைகளுக்குச் சென்ற அந்தத் துப்பாக்கியில், குறிபார்க்க உதவும் இரு குறிகளில் முன்குறி குழல் பக்கத்திலும் பின்குறி கீழ்ப்பாதியிலும் இருக்கின்றன. அங்கே இரு பாதிகளுக்கும் இடையே ஆட்டம் வந்தால், கண் பார்க்கும் கோடும் குழல் நோக்கும் கோடும் ஒன்றையொன்று விட்டு விலகும். தேய்மானத்தை ஈடுசெய்யும் வகையில் இரு பாதிகளையும் பூட்டும் அதன் நெம்புகோல் சரிவாக அமைக்கப்பட்டிருப்பது சும்மா அல்ல. எனவே உங்களிடம் எந்தத் துப்பாக்கி இருந்தாலும், ஆட்டத்தை அளப்பதற்கு முன், குறிகள் எந்தப் பாதியில் இருக்கின்றன என்று பாருங்கள்.

சரி, ஏ.ஆர்.-15இல் இந்த இடைவெளி ஏன் இருக்கிறது? வெவ்வேறு ஆலைகளில் செய்யப்பட்ட மேல்பாதியும் கீழ்ப்பாதியும் அரம் தொடாமலே ஒன்றோடொன்று பொருந்த வேண்டும், களத்தில் விரலாலேயே பின்னைத் தள்ளிப் பிரிக்கவும் முடிய வேண்டும் என்றால், அளவுகளில் கொஞ்சம் தளர்வு விட்டே ஆக வேண்டும். நான் இதைக் குறையாகப் பார்க்கவில்லை. கொடுத்து வாங்கிய ஒரு வசதியாகவே பார்க்கிறேன்.

இருந்தாலும் ஆட்டத்தால் எதுவுமே ஆகாது என்றும் சொல்லிவிட முடியாது. முன்பிடியை மணல்மூட்டையில் வைத்து, கன்னத்தைப் பின்கட்டையில் அழுத்தி, நிதானமாகக் குறிபார்ப்பவருக்கு, கன்னத்தின் அழுத்தம் சற்று மாறினாலே ஸ்கோப்பில் குறுக்குக்கோடு இலேசாக நகர்வது தெரியும். நகர்ந்ததைக் கண் பார்த்துத் திருத்திவிடும் என்றாலும், விசை இழுபடும் அந்த நொடியில் இரு பாதிகளும் ஒன்றாக அசையாமல் தனித்தனியாக அசைவது எரிச்சல் தரும். போட்டியில் சுடுபவர்கள் ஆட்டத்தைப் போக்க முயல்வதன் நியாயம் இதுதான். மற்றவர்களுக்கு, குழுவாக விழ வேண்டிய குண்டுகள் சிதறினால், நான் முதலில் சந்தேகிப்பது ஸ்கோப் பிடிப்பான்களின் திருகுகளையும், தோட்டாவையும், சுடுபவரின் விரலையும்தான். ரிசீவர் ஆட்டம் அந்தப் பட்டியலின் அடியில் கிடக்கிறது. கையில் எடுத்ததும் உணரப்படுவதால்தான் பழி அதன்மேல் விழுகிறது.

ஓசை பிடிக்காதவர்களுக்கு வழிகள் உண்டு. பின்பக்கப் பின்னுக்கு அருகே கீழ்ப்பாதிக்குள் வைக்கும் மெத்தென்ற ஆப்பு ஒன்று கிடைக்கிறது. பின்னைக் கோர்க்கத் துளையுள்ள முன்பக்கக் காதில் ரப்பர் வளையம் மாட்டுபவர்களும் இருக்கிறார்கள். சில கீழ்ப்பாதிகளில், கைப்பிடியின் உள்வழியாகத் திருகி மேல்பாதியை அழுத்தக்கூடிய நைலான் முனைத் திருகே பொருத்தப்பட்டு வருகிறது; எனக்குப் பிடித்தது அதுதான், ஏனெனில் வேண்டிய அளவு இறுக்கலாம், வேண்டாதபோது தளர்த்தலாம். பின்னுக்கான துளையைச் சுற்றித் தட்டி நெளித்து இறுக்குவதை மட்டும் செய்யாதீர்கள். அலுமினியத்தின் மேலுள்ள கெட்டியான பூச்சு ஒருமுறை உடைந்தால், உள்ளிருக்கும் மென்மையான உலோகம் வேகமாகத் தேயும்.

பழுதாகக் கருத வேண்டிய தளர்வும் உண்டு. நேற்றுவரை இல்லாத ஆட்டம் இன்று திடீரென வந்திருந்தாலோ, பின்னுக்கான துளை வட்டம் மாறி முட்டை வடிவமாகியிருந்தாலோ, சுடும்போது பின் தானாக வெளியே நகர்ந்தாலோ, காதுகளில் மயிரிழை விரிசல் தெரிந்தாலோ, ஆப்பும் வளையமும் போட்டு மறைக்காமல் துப்பாக்கிப் பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோங்கள்; அதுவரை அதைச் சுட வேண்டாம்.

இந்தத் துப்பாக்கியிலும் கொஞ்ச நாள் ரப்பர் வளையம் போட்டிருந்தேன். ஓசை நின்றது, ஆனால் துடைப்பதற்குத் திறக்க ஒவ்வொரு முறையும் பின்னைச் சுத்தியால் தட்ட வேண்டியிருந்தது. இப்போது வளையம் பெட்டிக்குள் இருக்கிறது, கடக் கடக் திரும்பி வந்துவிட்டது.