விசில் யார் கையில்?

வணக்கம். டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று எங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தாலும் எல்லாருக்கும் வணக்கம். பிள்ளையை வில்வித்தைக்கு அனுப்பலாமா, ஆபத்து இல்லையா என்றுதான் பெற்றோர்கள் என்னிடம் முதலில் கேட்பார்கள். ஆபத்து உண்டு, அதை மறைத்துப் பேச நான் இங்கே வரவில்லை. ஒலிம்பிக்கில் பார்க்கிற வகை வில்லிலிருந்து அம்பு மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீட்டர் வேகத்தில் புறப்படும், முனைகளில் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் என்றால் 300ஐயும் தாண்டும். அதனால் திடலுக்குப் போனதும் வில் எவ்வளவு விலை, கோச் எத்தனை பதக்கம் வாங்கினார் என்பதையெல்லாம் அப்புறம் விசாரிக்கலாம். எப்போது எய்யலாம், எப்போது நிறுத்தணும் என்று சொல்லும் விசில் யார் கையில் இருக்கிறது, அதே ஆள் கையில் வில்லும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இருந்தால் எனக்குப் பிடிக்காது. சின்ன கிளப்புகளில் ஆள் பற்றாக்குறை, வாரக்கடைசியில் வருகிறவர்களும் எய்யத்தான் வருகிறார்கள், சும்மா நின்று வேடிக்கை பார்க்க யாருக்கு ஆசை? ஆனால் குறி பார்க்கிறவன் கண்ணுக்கு இலக்கின் நடுவில் இருக்கும் மஞ்சள் வட்டம் மட்டும்தான் தெரியும், பக்கவாட்டில் வேலி ஓட்டையில் நுழைந்து குறுக்கே நடக்கும் பையன் தெரிய மாட்டான். முறை வைத்து ஆளுக்கு ஒரு சுற்று விசிலைப் பிடியுங்கள், அந்தச் சுற்றில் அவர் எய்ய வேண்டாம், அவ்வளவுதான்.

விசில் கணக்கு உலகம் முழுக்க ஒன்றுதான். இரண்டு முறை ஊதினால் நின்று எய்யும் கோட்டுக்கு வரலாம், ஒரு முறை ஊதினால் எய்யலாம், மூன்று முறை ஊதினால் அம்பு எடுக்கப் போகலாம். ஐந்தோ அதற்கு மேலோ விடாமல் ஊதினால் எல்லாரும் அந்த நொடியே நிறுத்த வேண்டும். நாணை முழுக்க இழுத்திருந்தாலும் விடக்கூடாது, மெதுவாகத் தளர்த்தி அம்பைக் கழற்றித் தூணியில் போட வேண்டும். பதற்றத்தில் அம்பைக் கழற்றிவிட்டு வெறும் நாணைச் சுண்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதுவும் கூடாது, அம்புக்குப் போக வேண்டிய விசை முழுதும் வில்லுக்குள்ளேயே திரும்பி வில் உடையலாம். கையிலிருந்து அம்பு நழுவிக் கோட்டுக்கு முன்னால் விழுந்தாலும் குனிந்து எடுக்காதீர்கள், சுற்று முடியட்டும். போட்டியிலேயே 3 மீட்டருக்குள் விழுந்தது எய்த அம்பாகக் கணக்கில் வராது, வேறு அம்பு எய்யலாம், பிறகு என்ன அவசரம்?

மூன்று விசில் கேட்டதும் எல்லாருக்கும் மனசு லேசாகிவிடும், கண்ணில் அடிபடுவது அங்கேதான். பிள்ளைகள் தங்கள் புள்ளியைப் பார்க்க ஓடுவார்கள், இலக்குப் பலகையில் குத்தி நிற்கும் அம்புகளின் வால் முனைகள் ஒரு சிறுவனின் கண் உயரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும், புல்லில் கால் இடறினால் போதும். ஆகவே நடந்து போக வேண்டும், நேர் எதிரே போகாமல் பக்கவாட்டில் ஒதுங்கிப் போக வேண்டும். அம்பை உருவும்போது ஒரு கையைப் பலகையில் அழுத்தி மற்ற கையால் நேராக இழுங்கள், பின்னால் யாரும் நிற்கக்கூடாது, ஏனென்றால் இறுகிய அம்பு சட்டென்று கழன்று வரும்போது அதன் வால் பின்னால் நிற்பவர் முகத்தில்தான் போய் இடிக்கும். பலகைக்குப் பின்னால் புல்லில் தவறிய அம்பைத் தேடுகிறவர் இருந்தால், ஒருவர் பலகைக்கு முன்னாலேயே நிற்க வேண்டும், இல்லையென்றால் கோட்டில் இருப்பவர்களுக்குத் திடல் காலியாகத் தெரியும்.

டர்பனுக்கென்று சில தொல்லைகள் உண்டு. தென்மேற்குக் காற்று சொல்லாமல் வந்து அடிக்கும், கயிறு கட்டி முளை அடிக்காத இலக்குப் பலகை, அதில் இருக்கிற அம்புகளோடு சேர்ந்து குப்புற விழும். அப்புறம் நம்ம குரங்குகள். பின்னால் வைத்த பையில் சமோசா இருப்பது அவற்றுக்கு எப்படித்தான் தெரியுமோ, யாராவது "ஏய், குரங்கு!" என்று கத்தியதும் கோட்டில் நிற்கிறவர் உடம்போடு திரும்புவார், உடம்போடு வில்லும் திரும்பும், வில்லில் அம்பும் இருக்கும். அதனால் சாப்பாட்டைக் காரில் வையுங்கள், இது சிரிக்க வைக்கச் சொன்னதில்லை.

திடலைப் பொறுத்தவரை பலகைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். வில்லை வானத்தைப் பார்த்துத் தூக்கி நாண் இழுக்கும் பழக்கம் சிலருக்கு உண்டு, அப்போது விரல் வழுக்கினால் அம்பு 200 மீட்டர் தாண்டியும் போய் விழலாம், அங்கே ரோடோ கால்பந்து விளையாடும் பிள்ளைகளோ இருக்கலாம். மண்மேடோ வலையோ நீண்ட காலியிடமோ இருக்க வேண்டும், பலகையின் நடுப்பகுதி நைந்து போயிருந்தால் அம்பு துளைத்துக்கொண்டு போய்விடும் என்பதையும் மறக்காதீர்கள். காத்திருப்பவர்கள் கோட்டுக்கு 5 மீட்டராவது பின்னால் நிற்கட்டும்.

கார்பன் அம்பு எங்காவது மோதியிருந்தால் காதருகே பிடித்து மெல்ல வளைத்துப் பாருங்கள், நொறுங்கும் சத்தம் கேட்டால் அதை எய்ய வேண்டாம், விரிசல் விட்ட அம்பு புறப்படும்போதே உடைந்து கையில் சிலாம்பாகக் குத்தும். துப்பட்டா, தொங்கும் தோடு, கழுத்துச் சங்கிலி இவையெல்லாம் நாணில் மாட்டும். தாலியைக் கழற்றச் சொல்லவில்லை அக்கா, சட்டைக்குள் போட்டுக்கொண்டு மேலே மார்புக் காப்பு அணிந்தால் சரி.

யாருக்காவது அம்பு குத்தி உள்ளே நின்றுவிட்டால் உருவாதீர்கள். அசையாமல் சுற்றிலும் துணி வைத்துப் பிடியுங்கள், 10177க்கு அழையுங்கள், செல்போனில் 112 கூடப் போகும். ஆம்புலன்ஸுக்குத் திடலின் எந்த கேட் வழி வர வேண்டும் என்று சொல்லத் தெரிந்த ஒருவர் அன்றைக்கு அங்கே இருக்க வேண்டும்.

வீட்டுக்குப் பின்னால் எய்யலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஃபீனிக்ஸிலும் சாட்ஸ்வொர்த்திலும் ஒட்டி ஒட்டி இருக்கும் வீடுகள், அடுத்த சுவருக்கு அப்பால் யாருடைய ஆயா துணி காயப்போடுகிறாரோ தெரியாது. வேண்டாம்.